நார்மல் பதினேழு

நாற்பத்தைந்து நிமிடம். டி.என்.ஏ.யை நீளவாரியாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல் ஓடி முடிய அவ்வளவு நேரம் ஆகும், குறைக்க முடியாது, மின்சாரத்தைக் கூட்டினால் சூடேறிப் பட்டைகள் வளைந்துவிடும், எத்தனை மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன், பொறு, ஓடட்டும், உன் அவசரம் அதற்குத் தெரியாது என்று. இப்போது மணி இரண்டு பத்து. இரண்டு ஐம்பத்தைந்துக்கு முடியும். அதுவரை இந்த ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டிக்குள் கம்பியிலிருந்து கிளம்பும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலை எதுவும் இல்லை. நீலச் சாயம் குழியை விட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. ஐந்து குழி. முதல் குழியில் அளவு பார்ப்பதற்கான டி.என்.ஏ., இரண்டாவதில் வெள்ளூரணிக்காரர் ஒருவருடையது, நோய் உறுதியானவர், இறந்து எட்டு வருடம் ஆகிறது. மூன்றாவதில் என்னுடையது. ஐந்தாவதில் வெறும் தண்ணீர், எங்காவது எதிலாவது கலந்துவிட்டதா என்று காட்டிக்கொடுப்பதற்காக. நான்காவது குழியில் நார்மல் பதினேழு. சின்ன டியூப், இருபத்திரண்டு வருடமாக ஃப்ரீசரின் அடித்தட்டில் பனி பூசிக் கிடந்தது, மூடியில் என் கையெழுத்து, நா-17, மை கொஞ்சம்கூட அழியவில்லை. மனிதர்களை விட அவர்களுடைய டி.என்.ஏ. பொறுமையானது. அழிந்து போயிருக்கும் என்றுதான் எடுத்தேன். அழிந்து போயிருந்தால் நல்லது என்றுதான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமோ. பக்கத்து அறையில் என் ஆய்வக உதவியாளர் பூங்கோதை கண்ணாடிக் குவளைகளைக் கழுவும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் திறக்கிறது, நிற்கிறது, திறக்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஏதாவது விழுமோ என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.

காலையில் பிப்பெட்டை எடுத்தபோது அவளுக்கு ஆச்சரியம். ஏழெட்டு வருடமாக நான் பிப்பெட்டைத் தொட்டதில்லை, கடிதம் எழுதுவதும் அறிக்கை எழுதுவதும் கூட்டத்துக்குப் போவதுமாகவே போய்விட்டது. "நான் போடறேனே மேடம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள். "வேண்டாம் கோதை. மாசக் கடைசியில ரிட்டயர் ஆகப் போறேன்ல, ஆசைக்கு ஒருதடவை நானே போடறேன்" என்றேன். அவள் சிரித்தாள். நம்பினாள். இருபத்தாறு வருடமாக நான் சொன்ன எதையும் அவள் நம்பாமல் இருந்ததில்லை. "கை நடுங்குது மேடம் உங்களுக்கு" என்று பின்னாலிருந்து சொன்னாள், "என்னை மாதிரியே." என்னை மாதிரியே என்றாள். எனக்குக் கை நடுங்கியது வயதால், பழக்கம் விட்டதால், பயத்தால். அவளுக்கு நடுங்குவது எதனால் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு ஐம்பத்தைந்து வரைக்கும் எனக்கும் தெரியாது.

தெரியாது என்பதை நான் எப்போதிலிருந்து இவ்வளவு விரும்ப ஆரம்பித்தேன். தெரிந்துகொள்ளத்தானே வந்தேன். கல்லூரியில் முதன்முதலாகப் பழ ஈக்களைப் பார்த்த நாள், சிவப்புக் கண் ஈ, வெள்ளைக் கண் ஈ, இரண்டையும் சேர்த்துப் போட்டால் பேரப்பிள்ளைகளில் எத்தனைக்கு வெள்ளைக் கண் வரும் என்று காகிதத்தில் முதலிலேயே எழுதிவிடலாம், இரண்டு வாரம் கழித்துப் புட்டியைத் திறந்து எண்ணினால் அதே கணக்கு வரும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் யாருக்கும் எதற்கும் காரணம் இல்லாமல் எல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இங்கே ஒரு புட்டிக்குள் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. நான்கு வருடம் ஈ எண்ணினேன். பேராசிரியர் தாண்டவமூர்த்தி என் பின்னால் வந்து நின்று வருகிறவர்களிடம் சொல்வார், "மங்கையர்க்கரசிக்கு எண்ணிக்கை தப்பாது. பொம்பளைங்களுக்கு இந்த வேலை நல்லா வரும், அரிசியில கல்லு பொறுக்குற கையில்லையா." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு இன்னும் வாயில் கசக்கிறது. தொண்ணூற்றாறில் என் உழைப்பில் வந்த கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது, முன்னால் இருந்த இரண்டு பேரும் ஒரு நாளும் அந்தப் புட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் அல்ல. கேட்டேன். "நீ கல்யாணமாகிப் போயிருவ, அவங்களுக்குத்தான் இது உதவும்" என்றார். நான் கல்யாணமாகிப் போகவில்லை. எங்கும் போகவில்லை. இந்த ஸ்டூலிலேயேதான் இருக்கிறேன்.

வெள்ளூரணிக் குடும்பங்கள் வந்த பிறகுதான் எனக்கென்று ஒரு வேலை கிடைத்தது. நரம்பியல் மருத்துவர் ஒருவர் அனுப்பிவைத்தார், ஒரே ஊரில் பதினோரு குடும்பம், நாற்பது வயதைத் தாண்டியதும் நடை தள்ளாடும், பிறகு கை சொன்னபடி கேட்காது, பிறகு நாக்கு குழறும், பத்துப் பதினைந்து வருடத்தில் படுக்கை. பழைய ஜீப்பில் போனோம், நானும் பூங்கோதையும் டிரைவரும். அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், ரத்தம் எடுப்பதில் அவளைப் போல ஒருத்தி கிடையாது, குழந்தைகள்கூட அழாது. ஊருக்குள் நுழைந்ததுமே ஒருவர் எங்களுக்கு முன்னால் காலை அகட்டி அகட்டி வைத்து நடந்து போனார், டிரைவர், "காலையிலேயே போட்டுட்டாரு" என்றான். அவர்தான் எங்களுடைய முதல் நோயாளி. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை என்று அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னாள், குடிகாரன் என்று சொல்லி அவர் மகளுக்கு வந்த சம்பந்தம் முறிந்துபோனதைச் சொன்னாள். அந்த ஊரில் எல்லாக் குடும்பத்திலும் ஒரு குடிக்காத குடிகாரன் இருந்தான். திரும்பி வரும்போது ஜீப்பில் பூங்கோதை பதிவேட்டில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, "எங்கப்பாவும் இப்படித்தான் மேடம் நடப்பார்" என்றாள். "குடிப்பாரா?" என்று கேட்டேன். "அப்படித்தான் சொல்வாங்க. கெணத்துல விழுந்து செத்துட்டார், நான் ஏழாப்பு படிக்கையில. ஆனா பாட்டிலோட நான் பார்த்ததே இல்ல. வாசனையும் வந்ததில்ல." நான் என்ன சொன்னேன். வண்டி குலுங்கியது, மடியில் ரத்தக் குழாய்ப் பெட்டி, அது சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வேறு ஊர், வேறு சாதி, வெள்ளூரணிக்கும் அவளுக்கும் என்ன தொடர்பு என்று மனம் ஒரு நிமிடம் கணக்குப் போட்டு, சமாதானமாகி, நகர்ந்துவிட்டது.

சாயம் கால்வாசி தூரம் வந்துவிட்டது. இரண்டு இருபத்திரண்டு. அந்த நோய்க்கான காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. மரபணுவில் ஓரிடத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று திரும்பத் திரும்ப வரும், நமக்கெல்லாம் முப்பது தடவைக்குள், அவர்களுக்கு அறுபது, எழுபது தடவை, திக்குவாய்க்காரர் ஒரு சொல்லில் மாட்டிக்கொள்வது போல. அவ்வளவுதான் நோய். நீளமாக இருப்பதால் அது ஜெல்லில் மெதுவாகப் போகும், மற்றது கீழே இறங்கிவிட்ட பிறகும் மேலேயே ஒரு பட்டையாகத் தங்கிவிடும். பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் போகும். போகும்போது இன்னும் நீளும், நீள நீள நோய் இன்னும் சின்ன வயதில் வரும். இதைக் கண்டுபிடித்தபோது நான் அழுதேன், சந்தோஷத்தில், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், பதினோரு குடும்பத்தின் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன். நோய் இல்லாத நூறு பேரிடம் இந்த நீளம் இல்லை என்று காட்டினால் கட்டுரை தயார். அந்த நூறு பேரைத்தான் நார்மல் என்று எழுதினோம். முதல் இருபது பேர் இங்கே வேலை பார்த்தவர்கள். நார்மல் ஒன்று நான். பூங்கோதை எல்லோருக்கும் ஊசி குத்திவிட்டு, கடைசியில் தன் கையிலும் தானே குத்தி எடுத்துக்கொண்டாள், இடது கையில், பல்லால் ரப்பர்க் குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு. பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டது நான். யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் என் மேசை அறையில், பூட்டில்.

இரண்டாயிரத்து மூன்று பிப்ரவரி. தாண்டவமூர்த்தி அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார், வடக்கே ஒரு குழு இதே நோயில் நெருங்கிவிட்டது, மார்ச்சுக்குள் அனுப்பாவிட்டால் நீ இரண்டாவதாக வருவாய், இரண்டாவதாக வருகிறவர்களுக்கு இந்த ஆய்வுக்கூடத்தைத் தொடர்ந்து கொடுக்க முடியாது. அன்று மாலை நார்மல்களின் கடைசி ஜெல்லைப் பார்த்தேன், முதல் இருபது பேருடையதைக் கடைசியாகத்தான் ஓட்டியிருந்தோம். பதினேழாவது குழியில் மேலே ஒரு பட்டை. தெளிவாக, ஆரஞ்சு நிறத்தில், நோயாளிகளுடையது நிற்கிற அதே உயரத்தில். யார் என்று பட்டியலைப் பார்த்தேன். பார்த்த அந்த ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, ஜீப், கிணறு, வாசனை வராத அப்பா, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. நோய் இனிமேல்தான் வரும். நார்மலில் நீளம் கிடைத்தால் என் கண்டுபிடிப்பு பொய்யாகாது, இவள் நார்மல் இல்லை என்றுதான் ஆகும், எந்த மாணவிக்கும் இது தெரியும். ஆனால் அதை நிரூபிக்க அவளிடம் சொல்ல வேண்டும், மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், அவள் குடும்பத்தைப் பார்க்க வேண்டும், மூன்று மாதம் ஆகும். மார்ச் போய்விடும். கலப்படம், பக்கத்துக் குழியிலிருந்து சிந்தியிருக்கும், நீக்கப்பட்டது என்று நோட்டில் எழுதினேன். வேறொருவரின் ரத்தத்தைச் சேர்த்து நூறாக்கினேன். தண்ணீர்க் குழி சுத்தமாக இருந்தது. கலந்திருந்தால் தண்ணீரிலும் ஏதாவது தெரிந்திருக்கலாம், பக்கத்துக் குழி இரண்டிலும் நார்மல்தான், அங்கிருந்து சிந்துவதற்கு நீளம் எங்கே இருந்தது. தண்ணீர்க் குழி சுத்தமாக இருந்தது. நான் எண்ணிக்கை தப்பாதவள். அன்று தொண்ணூற்றொன்பது வரை சரியாக எண்ணினேன்.

கட்டுரை வந்தது. மாலை போட்டார்கள், பத்திரிகையில் படம் வந்தது, பெண் விஞ்ஞானி சாதனை என்று. எந்த நாட்டுக் கருத்தரங்குக்குப் போனாலும் என் பெயருக்குப் பக்கத்தில் அந்த வருடம் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த டிசம்பரில் பூங்கோதை ஒரு டப்பாவில் பால்கோவா கொண்டுவந்தாள், திருவில்லிபுத்தூரிலிருந்து அவள் வீட்டுக்காரர் வாங்கிவந்தது. "ரெண்டு மாசம் மேடம்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு, "உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்." நான் இரண்டு விள்ளல் எடுத்துத் தின்றேன். ஒன்று எடுத்தால் போதாது என்று இரண்டு. நல்லாயிரு என்றேன். இங்கேதான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன், இதைத் தாண்டி என் எண்ணம் போவதேயில்லை, வந்து வந்து இங்கேயே முட்டுகிறது. பிப்ரவரியில் சொல்லியிருந்தால் அவள் பிள்ளை வேண்டாம் என்று இருந்திருப்பாளோ, அப்படியிருந்தால் இலக்கியா இல்லை, இந்த ஆய்வுக்கூடத்தில் என் மடியில் உட்கார்ந்து பழைய டியூப் மூடிகளை நிறவாரியாக அடுக்கிய அந்தக் குழந்தை இல்லை, இலக்கியா இல்லாமல் இருப்பது நல்லதா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன். அதனால் சொல்லாததே நல்லது என்று ஆகுமா. மருந்து கிடையாது, சொல்லி என்ன ஆகப் போகிறது, வெள்ளூரணியில் தெரிந்துகொண்ட இரண்டு பேர் கயிற்றைத் தேடினார்கள், தெரியாமல் இருபது வருடம் நிம்மதியாக இருந்தாளே, அந்த இருபது வருடத்தை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன் என்றுகூட ஒருநாள் நினைத்திருக்கிறேன். அவளுக்காகவா சொல்லவில்லை. மார்ச்சுக்காகச் சொல்லவில்லை. பிறகு சொல்லாததை மறைக்கச் சொல்லவில்லை. பிறகு பழகிவிட்டது. சிலசமயம் உண்மையாகவே கலப்படம்தான் என்று நம்பினேன். நம்பிக்கை ஒன்றும் பெரிய காரியமில்லை, ஒரு டியூபை ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

பொங்கலுக்குப் பிறகுதான் கவனித்தேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறாள். மாடிப்படியில் கைப்பிடியை விடுவதில்லை. ரிஜிஸ்டரில் அவள் எழுத்து, அச்சு மாதிரி இருக்கும், கோட்டை விட்டுக் கீழே சரிய ஆரம்பித்தது. "சுகர் மேடம், நரம்புத் தளர்ச்சின்னு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார்" என்றாள். சரி என்றேன். போன வியாழக்கிழமை அளவுக்குவளை ஒன்று அவள் கையை விட்டுப் போய் உடைந்தது, பொறுக்கக் குனிந்தவள் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கேட்டில் வாட்ச்மேன் விளையாட்டாக, "என்னக்கா, சரக்கா" என்று கேட்டிருக்கிறான். அதை அவளே என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள். நான் பார்த்த நோயாளிகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எந்த டெஸ்டும் இல்லாமல், வாசலில் நுழைகிற நடையைப் பார்த்தே சொல்வேன். அன்று அவள் சிரித்துக்கொண்டே கதவு வரை நடந்துபோனதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், திங்கட்கிழமை ஃப்ரீசரைத் திறந்தேன்.

கதவு தள்ளப்படுகிறது. அவள்தான், இரண்டு கையிலும் டீ. எப்படித் தூக்கிக்கொண்டு வந்தாள், எழுந்து போய் வாங்க வேண்டும், நான் எழுவதற்குள் மேசைக்கு வந்துவிட்டாள். டம்ளர் மேசையில் உட்காரும்போது தளும்பி டீ வழிகிறது. "அய்ய, நோட்டு நனைஞ்சிருச்சா?" என்கிறாள், முந்தானையால் துடைக்கிறாள். "இல்ல, விடு." "பாதிக்கு மேல வந்திருச்சு போல" என்று தொட்டியை எட்டிப் பார்க்கிறாள். "இன்னும் இருபது நிமிஷம்" என்கிறேன். இன்னொரு ஸ்டூலை இழுத்து உட்காருகிறாள். "ஆவணி பதினஞ்சு முடிவாயிருச்சு மேடம். மண்டபம் சொல்லியாச்சு. நீங்கதான் முன்னால நிக்கணும், இலக்கியா சொல்லிட்டா, பெரியம்மா வரலைன்னா தாலி கட்ட விடமாட்டேன்னு." "மாப்பிள்ளை வீட்ல எப்படி?" என்று கேட்கிறேன், என் குரல் யாருடையதோ மாதிரி வருகிறது. "நல்ல மாதிரி. அந்தப் பையனோட அம்மாதான் ஒண்ணு கேட்டாங்க, என்ன சம்பந்தி நடக்கக் கஷ்டப்படறீங்க, பரம்பரையா ஏதும் இருக்கான்னு. நான் சொன்னேன், நான் இருபத்தாறு வருஷமா அதே டிபார்ட்மென்ட்லதான் வேலை பார்க்கறேன், அப்படி ஏதும் இருந்தா எங்க மேடம் முதல்லயே சொல்லியிருப்பாங்கன்னு." டீயைக் குடிக்கிறாள். நானும் குடிக்கிறேன். சர்க்கரை அதிகம். இப்போது சொல்லலாம். இப்போதே சொல்லலாம், கோதை, ஒரு விஷயம் என்று தொடங்கினால் போதும், மீதி தானாக வரும். ஆனால் இன்னும் தெரியாதே, இருபது நிமிடம் இருக்கிறதே, ஒருவேளை பட்டை இல்லாமல் போகலாம், ஒருவேளை அன்று உண்மையாகவே ஏதோ சிந்தியிருக்கலாம், ஒருவேளை இது வெறும் சுகர். இருபது நிமிடத்துக்கு எதற்கு அவளைப் பயமுறுத்த வேண்டும். பார், மறுபடி அதே மாதிரி, அதே குரல், இரண்டாயிரத்து மூன்றில் பேசிய அதே நியாயம், ஒரு எழுத்து மாறவில்லை. அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்திருக்கிறாள். "கால் வலிக்குது, இங்கேயே இருக்கேன் மேடம். கடைசி ஜெல்லு, சேர்ந்து பார்ப்போம்."

இருபது நிமிடமும் அவள் கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள், சரிந்து சரிந்து இறங்குகிற எழுத்தில், நான் அந்தத் தாளைப் பார்க்காமல் சாயத்தைப் பார்த்தேன், சாயத்தைப் பார்க்காமல் அந்தத் தாளைப் பார்த்தேன். மணி அடித்தது. மின்சாரத்தை நிறுத்துகிறேன். ஜெல்லை எடுத்துத் தட்டில் வைத்து இருட்டறைக்குக் கொண்டுபோகிறேன், அவள் சுவரோரமாகப் பின்னால் வருகிறாள். கதவைச் சாத்துகிறேன். புற ஊதா விளக்கின் நீலம். ஆளுக்கொரு காப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறோம், நான் குனிகிறேன். குனிய வேண்டியதே இல்லை, நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. நான்காவது குழியின் வரியில் கீழே ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை. வெள்ளூரணிக்காரருடையது நிற்கிற இடத்துக்கு ஏறக்குறைய நேராக, கொஞ்சம் மேலே. ஐந்தாவது வரியில் ஒன்றுமே இல்லை, கறுப்பு, சுத்தமான தண்ணீர்.

"ரெண்டாவது பேஷன்ட்" என்கிறாள் பூங்கோதை, என் தோளுக்குப் பக்கத்தில். ஆயிரக்கணக்கான ஜெல்களைப் பார்த்த கண். "மூணாவது நார்மல். நாலாவதும் பேஷன்ட்தான் மேடம். நல்ல நீளம். புதுக் குடும்பமா?"

"பழைய சாம்பிள்" என்கிறேன்.

"பாவம். என்ன வயசு?"

"எடுக்கும்போது இருபத்தஞ்சு."

"எப்ப எடுத்தது?"

"ரெண்டாயிரத்து மூணு."

"அப்ப இப்ப நாப்பத்தேழு" என்கிறாள். விளக்கின் இரைச்சல் மட்டும். அந்த நீல வெளிச்சத்தில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன், ஒவ்வொரு விரலும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிடக் கணக்கு எனக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தப்பியது.

"நானா மேடம்?"

"ஆமா."

"இன்னைக்குத்தான் பார்த்தீங்களா?"

இன்னைக்குத்தான் என்று சொல்லிவிடலாம். பட்டியலை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, தாண்டவமூர்த்தி இறந்துவிட்டார். இன்னைக்குத்தான் கோதை, உன் நடையைப் பார்த்துச் சந்தேகம் வந்து எடுத்துப் பார்த்தேன். அதில் பாதி உண்மைகூட. சொன்னால் அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள், நானும் அழலாம். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது.

"அப்பவே பார்த்தேன். ரெண்டாயிரத்து மூணு பிப்ரவரி. தப்புன்னு எழுதி வச்சுட்டேன். தப்பு இல்லைன்னு தெரியும்."

"பிப்ரவரி" என்றாள். விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். எண்ணி முடித்துக் கையைக் கீழே விட்டாள். "அப்ப இலக்கியா இல்லையே மேடம். அப்ப அவ வயித்துலயே இல்லையே." அது கேள்வியா என்று தெரியவில்லை. "எங்கப்பா குடிக்கல" என்றாள் கொஞ்சம் கழித்து, வேறு குரலில். "எங்கம்மா சாகற வரைக்கும் அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே செத்தா. அதையாவது சொல்லியிருக்கலாம்."

"இலக்கியாவுக்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு" என்றேன். என் வாய் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சொன்னதை அதே நிதானத்தில் சொன்னது. "அவ பெரியவ, பார்க்கறதும் பார்க்காததும் அவளோட முடிவு, நானே வந்து அவகிட்ட…"

"வேணாம். நீங்க வர வேணாம். நான் சொல்லிக்கறேன்." கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்ட முயன்றாள், இரண்டு முறை ஆணி தப்பியது, மூன்றாவது முறை மாட்டினாள். "அந்தப் புத்தகத்துல வந்துச்சே மேடம் உங்க கட்டுரை. அதுல கடைசியில, ரத்தம் எடுத்து உதவிய பூங்கோதைக்கு நன்றின்னு இங்கிலீஷ்ல போட்டிருந்தீங்க. அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணி வீட்ல மாட்டியிருக்கோம். வர்றவங்க எல்லாருக்கும் இலக்கியாதான் வாசிச்சுக் காட்டுவா."

கதவைத் திறந்தாள். பகல் வெளிச்சம் அறைந்தது போல உள்ளே வந்தது. நான் கையை நீட்டினேன், பிடித்துக்கொள்ளட்டும் என்று. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். "சுவரு இருக்கு மேடம்" என்றாள்.

வராந்தாவில் போகிறாள். வலது கை சுவரில், இடது கை காற்றில். நான் கதவில் நிற்கிறேன். ஓட வேண்டும், காலில் விழ வேண்டும், ஏதாவது செய்ய வேண்டும், எதையும் செய்யவில்லை. என் கண் மட்டும் வேலை பார்க்கிறது, அதை நிறுத்த முடியவில்லை. இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒன்றரை அடி. திரும்பும்போது நான்கு காலடி கூடுதலாக வைக்கிறாள். சாய்வு இடப்பக்கம். இந்த நிலையிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஆறு வருடம், அதிகம் போனால் ஏழு.